குருகுலமும் கலைமனையும்

ஒரு தொழிலின் விதிகளை நூலாக எழுதி வைக்கலாம். ஆயினும் அந்நூலை மட்டும் ஓதி அத்தொழிலில் தேர்ந்தவர் உலகில் மிகச் சிலரே. தச்சனும், கொல்லனும், நெசவாளியும், வீணை வல்லோரும், நாட்டியம் வல்லோரும் மூத்தார் ஒருவரின் அருகிலிருந்து, கண்டும் கேட்டும், பிழைத்தும் திருத்தப்பட்டும் தத்தம் வித்தையை அடைந்தோரேயாவர். இங்ஙனம் அருகிருந்து பழகும் முறையையே நம் முன்னோர் குருகுலவாசம் என்றனர். இம்முறையால் விளையும் நன்மை யாது, தீமை யாது, ஒன்றை விலக்கி மற்றொன்றைக் காத்தல் கூடுமோ என்பனவற்றையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இவ்வாராய்ச்சி பழங்கதையோடு நின்றுவிடுவதன்று. சென்னையிலிருந்து மேற்கே செல்லும் பெருஞ்சாலை பூவிருந்தவல்லியைக் கடந்து, செம்பரம்பாக்கம் ஏரிக்கு அணித்தாகச் சென்று, இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் காஞ்சிபுரத்தின் திசையில் நீள்கின்றது. ஒரு காலத்தில் ஏரிப் பாசனமும் நெல் வயலுமாக இருந்த இப்பகுதியில், தெற்கே ஒரகடம், வல்லம் வடகால் வரையில், மோட்டார் வண்டிகளும் பலவகைப் பொறிகளும் செய்யும் பெருந்தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. அவற்றுள் ஜப்பானியர் நிறுவியவையும் பல. இத்தொழிற்சாலைகளுக்கு நாடோறும் காலையில் பஸ்களில் செல்லும் இளைஞருள் பலர் இன்னும் முழுத் தொழிலாளர் ஆகாதவர்; தொழிற்பழகுநர் என்னும் பெயருடையவர். இதே சாலையின் மேற்கே உள்ள காஞ்சியிலோ, ஒரு நூற்றாண்டுக்கு முன் வேறொரு வகைப் பழகுநர் இருந்தனர். அவர்கள் பழகிய முறை, ஜப்பான் தேசத்துக் கெய்ஷா மகளிர் பழகும் முறைக்கு மிக நெருங்கிய உறவுடையது. ஆதலின் முதற்கண் அத்தேசத்து முறையைச் சிறிது விளக்கி, பின்னர் நம் நாட்டு முறைக்கு வருவோம்.

கெய்ஷா என்னும் சொல்லுக்குக் கலை வல்லார் என்பது பொருள். ஆடலும், பாடலும், ஷாமிசென் என்னும் மூன்று நரம்புடைய யாழ் வாசித்தலும், விருந்தினரோடு இனிது உரையாடுதலும் அவர்தம் தொழிலாம். இவர்களைப் பொதுமகளிர் என எண்ணுவோர் பிறநாடுகளில் பலர் உளர். அது பிழையான எண்ணம். கியோத்தோ நகரில் இவர்களைக் கெய்க்கோ என்பர். பயிலும் இளம்பெண்ணை மைக்கோ என்பர். அந்நகரில் இக்கலைக்கே உரிய தெருக்கூட்டங்கள் ஐந்து உள. அவற்றுள் பெரியது கியோன் கோபு என்பது. பயிலும் பெண்கள் வாழும் மனைக்கு ஒக்கியா என்று பெயர். அம்மனைத் தலைவியை அவர்கள் தாய் என்றே அழைப்பர். அம்மனையே அவளுக்கு உண்டியும், உறையுளும், விலையுயர்ந்த ஆடைகளும், கல்விச் செலவும் அளிக்கும். அதற்கு ஈடாக, ஒப்பிய காலம் முடியும் வரையில் அவள் ஈட்டும் பொருள் மனையைச் சாரும். அவளுக்குக் கைச்செலவுக்கு மட்டும் சிறிது கிடைக்கும்.

பயிற்சிக்குப் படிகள் உண்டு. முதற்படியின் பெயர் ஷிக்கோமி. இப்படியில் உள்ள பெண் வீட்டு வேலை செய்வாள். மூத்தாருக்கு ஆடை அணியத் துணை நிற்பாள். கியோத்தோ நகரத்துக்குரிய இன்மொழியைப் பேசப் பழகுவாள். ஆடல் வகுப்புக்குச் செல்வாள். ஏறக்குறைய ஓராண்டு இவ்வாறு கழியும். அதன்பின் வருவது மினராய். கண்டு கற்றல் என்பது அச்சொல்லின் பொருள். இப்படியில் அவள் மூத்தாளோடு விருந்துக் கூடத்துக்குச் சென்று, ஒருபுறம் அமர்ந்து, பெரும்பாலும் வாய் திறவாமல், யாவற்றையும் உற்று நோக்குவாள். யார் எப்பொழுது எழுகின்றார், எச்சொல்லுக்கு எவ்வாறு மறுமொழி கூறுகின்றார், பேச்சுத் தளரும்பொழுது யார் எங்ஙனம் அதனை மீட்கின்றார் என்பனவற்றைப் பாடமாகச் சொல்லிக் கொடுப்பவர் இல்லை. அவளே கண்டுகொள்ள வேண்டும். மினராய் என்னும் இச்சொல் கெய்ஷாக்களுக்கு மட்டும் உரியதன்று. ஜப்பானில் தச்சரும் சமையற்காரரும் தம்மிடம் பழகும் இளைஞரை இச்சொல்லாலேயே குறிப்பர். பின்னர் மிசெதாஷி என்னும் அரங்கேற்றம் நிகழும். அன்றுமுதல் அவள் மைக்கோ ஆவாள். சில ஆண்டுகள் சென்று, இருபது வயதளவில், சிவந்த கழுத்துப்பட்டையை நீக்கி வெள்ளைப் பட்டையை அணியும் சடங்கோடு அவள் முழுக் கெய்க்கோ ஆவாள்.

இம்முறையின் உயிர்நிலை மூத்த அக்காள் என்பவளிடத்தில் உள்ளது. அரங்கேற்றத்துக்கு முன் மூத்தாளும் இளையாளும் ஒரே கிண்ணங்களில் மும்மூன்று முறை மதுவைப் பருகிச் சகோதரியர் ஆவர். ஜப்பானியர் தம் திருமணத்திலும் இச்சடங்கையே செய்வர். மூத்தாளின் பெயரிலுள்ள ஓர் எழுத்தை இளையாள் தன் தொழிற்பெயரில் ஏற்பாள். அன்றுமுதல் இளையாள் விருந்துக் கூடத்தில் ஒரு பிழை செய்வாளாயின், அதன்பொருட்டு மன்னிப்புக் கேட்க வேண்டியவள் மூத்தாள். நேயர்கள் இதனை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். இங்குச் சீடையின் தவறு குருவின் பெயரைக் கெடுக்கின்றது. ஆதலின் குரு கண்ணயர்வதில்லை.

அன்றியும் ஆடல் ஆசிரியர் வேறு, அக்காள் வேறு. கியோன் கோபுவில் ஆடல் கற்பிக்கும் உரிமை இனோவே என்னும் மரபினர்க்கே உரியது. 1872-ஆம் ஆண்டில் மியாக்கோ ஒதோரி என்னும் வசந்தகால ஆடல்விழா தோன்றியபொழுது அதற்கு ஆடல் அமைத்தவர் அம்மரபின் மூன்றாம் தலைவியாராகிய இனோவே யச்சியோ அம்மையார். ஆசிரியர் அடிவைப்பையும் கையசைவையும் திருத்துவார். அக்காளோ நடை, சொல், பொறுமை, நாணம் ஆகியவற்றைத் திருத்துவாள். கல்வி இவ்விருவரிடையே பகிரப்பட்டிருந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தமிழருக்கு இம்முறை புதியதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில், மாதவி ஐந்து வயதில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு கற்று, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன் அரங்கேறினாள் என்று காண்கின்றோம். அவளுக்கு வாய்த்த ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகிய அறுவரின் இலக்கணத்தையும் இளங்கோவடிகள் தனித்தனியே விரித்துரைக்கின்றார். மாணாக்கியின் ஆடலைக் கூறுமுன் ஆசிரியர்தம் தகுதியைக் கூறிய அம்முறை நாம் சிந்தித்தற்குரியது. அரங்கேற்றத்தின் முடிவில் மாதவி தலைக்கோலும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெற்றாள் என்பது காவியச் செய்தி.

காவியம் நிற்க, அண்மைக்கால வரலாற்றில் இம்முறையைக் காண விரும்புவோர் காஞ்சிபுரத்தை நோக்குதல் வேண்டும். 1925-ஆம் ஆண்டில் அந்நகரத்து அம்மணாட்சி அம்மன் கோயிலில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அரங்கேறினாள். அவளே பிற்காலத்தில் உலகம் போற்றிய தஞ்சாவூர் பாலசரஸ்வதி அம்மையார். 1918-இல் பிறந்த அவர் வீணை தனம்மாளின் பேர்த்தி. தாயார் ஜயம்மாள் பெரும் பாடகியார். மயிலாப்பூர் கௌரி அம்மாளின் நாட்டியத்தைக் குழந்தைப் பருவத்திற் கண்டு அதில் மனம் பறிகொடுத்த பாலசரஸ்வதியை, நட்டுவனார் கந்தப்பப் பிள்ளை சீடையாக ஏற்றுக்கொண்டார். அவர், அலாரிப்பு முதல் தில்லானா வரையில் நாட்டியக் கச்சேரியை இன்று நாம் காணும் முறையில் ஒழுங்குபடுத்தியவராகிய சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வரின் வழிவந்தவர்.

நட்டுவனார் கற்பிக்கும் முறையைச் சிறிது கூறுவோம். அவர் பெரும்பாலும் தாமே எழுந்து ஆடிக் காட்டுவதில்லை. தட்டுப்பலகையைத் தம்முன் வைத்து, தட்டுக்கழியால் தாளந்தட்டி, வாயாற் சொற்கட்டுச் சொல்லுவார். மாணாக்கி அரைமண்டியில் நின்று தட்டடவை முதற் காலத்தில் ஆடுவாள். பின் இரண்டாம் காலம், பின் மூன்றாம் காலம். முழங்கால் சிறிது நிமிர்ந்தாலும், பாதம் ஓசையின்றி விழுந்தாலும் கழி நின்றுவிடும். மீண்டும் முதலிலிருந்து தொடங்குதல் வேண்டும். இவ்வாறு அடவுகள் உடலில் ஊறியபின்னரே உருப்படிகள் தொடங்கும். கந்தப்பப் பிள்ளை இவ்வகையில் மிகவும் கண்டிப்பானவர் என்பது யாவரும் அறிந்தது. ஆயினும் பாலசரஸ்வதியின் கல்வி அவரோடு முடிந்துவிடவில்லை. பதங்களும் ஜாவளிகளும் பாட்டியின் இல்லத்தில் இரவும் பகலும் ஒலித்தன. தாயார் பாட அவர் ஆடினார். அபிநயத்தைக் கௌரி அம்மாள் முதலிய மூத்தாரிடம் கற்றார். தாளமும் அடவும் நட்டுவனாரிடத்திலும், இசையும் பாவமும் வீட்டு மகளிரிடத்திலும் பெற்ற இக்கல்வி, ஆசிரியர் ஒருவர், அக்காள் ஒருத்தி என்னும் கியோத்தோ முறையை ஒத்திருத்தல் காண்க.

அக்காலத்துக் காஞ்சி இசைக்கும் குருகுலமாக விளங்கிற்று. காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை (1889–1934) லய ஞானத்திலும் பல்லவி பாடுதலிலும் நிகரற்றவர் எனப் பெயர் பெற்றவர். அவருடைய தாயாரின் உடன்பிறந்தாராகிய தனகோடி அம்மாளும் புகழ்பெற்ற பாடகியாரே. அவரிடம் குருகுலவாசம் செய்தவருள் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை ஒருவர். வீணை தனம்மாளின் மற்றைப் பேர்த்தியராகிய பிருந்தா, முக்தா சகோதரியரும் அவரிடம் பயின்றனர். காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளை என்னும் நட்டுவனாரும் இந்நகரத்தவரே. 1941-இல் கந்தப்பப் பிள்ளை மறைந்த பின்னர் அவர் பாலசரஸ்வதியின் கச்சேரிகளை நடத்தினார். கந்தப்பப் பிள்ளையின் மகனாராகிய கணேசனும் பிற்காலத்தில் பாலசரஸ்வதிக்கு நட்டுவாங்கம் செய்தார். தன் குருவின் மகனைத் தன் மேடையில் அமர்த்திய இச்செயலில், குருகுல உறவு ஒருதலைமுறையோடு ஒழிவதன்று என்பது விளங்கும்.

இந்த உறவுக்குப் பொருளாதார அடிப்படையும் இருந்தது. மரபுவழி நட்டுவனார் மாதச் சம்பளம் பெற்றுக் கற்பித்தவரல்லர். மாணாக்கி அரங்கேறி வருவாய் ஈட்டும்பொழுது அவருக்கு அதிற் பங்கு உண்டு. ஆதலின் அரைகுறையாகக் கற்பித்தல் அவருக்கே நட்டமாம். கியோத்தோ அக்காள் தன் பெயரைப் பணயம் வைத்தாள். காஞ்சி நட்டுவனார் தம் பெயரோடு தம் பிழைப்பையும் பணயம் வைத்தார்.

இதுகாறும் குருகுலத்தின் நன்மையையே கூறினோம். இதனோடு நிறுத்தினால் நாம் உண்மையின் ஒரு பாதியை மறைத்தவராவோம். ஏழு வயதுச் சிறுமி தன் வாழ்நாள் தொழிலைத் தானே தெரிந்துகொண்டாள் என்று எவரும் சாதிக்க இயலாது. பாலசரஸ்வதிக்குக் கலையில் இயற்கையான வேட்கை இருந்தது. அங்ஙனம் இல்லாத பெண்களின் கதி யாது? கோயிலிற் பொட்டுக்கட்டி விடப்பட்ட பெண் பிறரைப்போல் மணம் புரிந்து வாழும் வழி அடைக்கப்பட்டவள். கோயில் மானியமும் செல்வர் ஆதரவும் குன்றியபொழுது, கலையின் பெயரால் தொடங்கிய வாழ்க்கை பலருக்குச் சிறையாக முடிந்தது. இதனை உள்ளிருந்து அறிந்து எதிர்த்தவருள் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் தலையாயவர். முன்னவர் 1927-இல் சென்னைச் சட்டசபையில் இவ்வழக்கத்தை ஒழிக்குமாறு தீர்மானம் கொணர்ந்தார். 1929-இல் நிறைவேறிய சட்டத்திருத்தம் மானிய நிலங்களைக் கோயிற்பணிக் கட்டினின்று விடுவித்தது. 1947-இல் பொட்டுக்கட்டுதலையே தடுக்கும் சட்டம் நிறைவேறிற்று.

மறுபக்கத்தாரின் வழக்கையும் கேட்டல் நீதியாகும். பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலியோர், தாங்கள் கலையும் கல்வியும் சொத்துரிமையும் உடைய மகளிர் என்றும், சிலர்பால் உள்ள குற்றத்தை வகுப்பு முழுமைக்கும் ஏற்றுதல் தகாது என்றும் விண்ணப்பித்தனர். அவர்கள் அஞ்சியது வீணன்று. கட்டு அறுந்தபொழுது அதனோடு இழைந்திருந்த கலைமனையும் சிதைந்தது. அக்கலை பிற இல்லத்துப் பெண்களிடத்தும், 1936-இல் ருக்மிணி தேவி அம்மையார் நிறுவிய கலாக்ஷேத்திரம் போன்ற பள்ளிகளிடத்தும் சென்று புதுவாழ்வு பெற்றது. நூற்றாண்டுகளாக அதனைக் காத்த குடும்பத்துப் பெண்கள் பலரோ மேடையை விட்டு விலகினர். பாலசரஸ்வதி விலகாது நின்றார். 1953-இல் சென்னை மியூசிக் அகாடமியின் சார்பில் அவரே நாட்டியப் பள்ளி நடத்தினார். 1961-இல் ஜப்பான் தலைநகராகிய தோக்கியோவில் நடந்த கீழ்நாட்டு மேல்நாட்டு இசைக் கூட்டத்தில் ஆடி, அத்தேசத்தார்க்கும் நம் கலையைக் காட்டினார்.

ஜப்பான் தேசத்தில் நிகழ்ந்தது வேறுவகை. அங்கும் வறிய தந்தையர் முன்பணம் பெற்று மகளிரை மனைகளில் விட்டனர். அக்கடன் தீரும்வரை அவர்கள் வெளியேற இயலாது. 1872-ஆம் ஆண்டின் விடுதலை ஆணை இதனை முற்றும் ஒழிக்கவில்லை. கட்டு வேறு பெயரில் நீடித்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின், 1947-இல் பிறந்த சட்டங்கள் கட்டாயக் கல்வியைப் பதினைந்து வயது வரை நீட்டின; முன்பணக் கடனைக் கூலியிற் கழித்தலைத் தடுத்தன; சிறாரின் நலத்தைக் காக்க விதி வகுத்தன. 1956-இல் இயற்றப்பட்ட பொதுமகளிர்த் தொழில் தடுப்புச் சட்டம் 1958-இல் முழு வலிமை பெற்றது. கலைமனை மட்டும் அழியவில்லை. முன்பு பத்துப் பன்னிரண்டு வயதில் நுழைந்த பெண் இன்று நடுநிலைப் பள்ளியை முடித்து, தானே விரும்பி நுழைகின்றாள். விரும்பாவிடில் விலகவும் செய்கின்றாள். எனினும் குறை முற்றும் நீங்கிற்று என்று கூறற்கில்லை. 2022-இல் முன்னாள் மைக்கோ ஒருத்தி, வயது வராத பருவத்தில் மது அருந்தச் செய்யப்பட்டதையும் வேறு இழிவுகளையும் வெளிப்படுத்தவே, அத்தேசத்தில் பெரும் விவாதம் எழுந்தது. கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது. உள்ளே என்ன நிகழ்கின்றது என்பதை வெளியார் காணவும் வழி வேண்டும் என்பதை இது காட்டுகின்றது.

இவ்விரு நாடுகளின் வரலாற்றால் நாம் அறிவது யாது? குருவுக்கும் சீடருக்கும் உள்ள உறவு வேறு. சீடரைப் பிணிக்கும் கட்டு வேறு. இவ்விரண்டும் ஒரே கூரையின்கீழ் வளர்ந்தமையால் ஒன்றுபோலத் தோன்றின. கட்டை அறுக்கப் புகுந்த நாம் உறவையும் பெரிதும் இழந்தோம். உறவைக் காக்கப் புகுந்த ஜப்பானியர் கட்டின் சில இழைகளையும் விட்டுவைத்தனர். ஆதலின் எத்தொழிலிலும் ஒரு குருகுலம் நல்லதோ அன்றோ என்று அறிய மூன்று கேள்விகள் போதும். நுழைபவர் தாமே தெரிந்துகொள்ளும் வயதும் அறிவும் உடையவரோ? சீடர் பிழைத்தால் குருவுக்கும் இழப்பு உண்டோ? வெளியேறும் வழி திறந்துள்ளதோ?

இக்கேள்விகளை நம் சாலைக்கே கொண்டுவருவோம். செம்பரம்பாக்கத்தைக் கடந்து தொழிற்சாலைக்குச் செல்லும் பழகுநரைக் காப்பது 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம். பதினான்கு வயது நிரம்பாதவரைச் சேர்த்தல் ஆகாது. அபாயமுள்ள தொழில்களில் பதினெட்டு நிரம்ப வேண்டும். எழுத்து மூலமான உடன்படிக்கையும் உதவித்தொகையும் வேண்டும். இவ்வகையில் முதற்கேள்விக்கும் மூன்றாம் கேள்விக்கும் இன்றைய முறை பழைய முறையினும் நல்ல விடை தருகின்றது என்பதில் ஐயமில்லை. ஆனால் அச்சட்டம் பழகுநரைக் கற்போர் என்றே கருதும். தொழிலாளர் என்று கருதாது. கற்பிப்பார் உண்மையாகவே கற்பித்தால் இது பொருத்தமே. கற்பியாமல், ஒரே திருகாணியை ஆண்டு முழுதும் முறுக்க வைத்து, காலம் முடிந்ததும் சான்றிதழ் கொடுத்து அனுப்புவாராயின், அவ்விளைஞர் தொழிலாளியின் உரிமையும் இன்றி, சீடனின் கல்வியும் இன்றி, இரண்டுங்கெட்டு நிற்பர். அங்கே குறைவது இரண்டாம் கேள்வியின் விடை. அவர் கற்றாரோ இல்லையோ, அதனால் தம் பெயர் குன்றும் என்று அஞ்சும் மூத்தார் எவரும் அங்கு இல்லை.

மாணவ நேயர்களே! நம்முட் பலர் கல்லூரியை விட்டபின் யாரேனும் ஒருவரிடம் பழகுநராகவே வாழ்க்கையைத் தொடங்குவோம். சில ஆண்டுகள் சென்றால் நம்மிடம் பழக இளையோர் வருவர். பழகுங்காலத்தில் மினராய்ப் பெண்ணைப்போல் கண்ணைத் திறந்து வைத்தல் நம் கடன். பழக்குங்காலத்திலோ, இளையாரின் பிழைக்கு நாமே முன்சென்று விடை கூறுதலும், அவர் நம்மை விட்டுச் செல்ல விரும்பும்பொழுது மனமுவந்து வழிவிடுதலும் நம் கடன். பழைய குருகுலத்தில் சிறுமியரைப் பிணித்த கட்டு மீண்டும் வரலாகாது. தட்டுக்கழியைக் கையில் ஏந்தி, ஓர் அடவு செம்மையாகும்வரை எழாது அமர்ந்திருந்த மூத்தார் மட்டும் ஒவ்வொரு தொழிற்கூடத்துக்கும் வேண்டும்.